மிச்சத்தைச் சொல்லு

அந்த அக்காவிடம் ஒரு சேதியைச் சொல்லி முடித்துவிட்டு யாரும் நிம்மதியாக எழுந்து போனதில்லை. நாம் பேசி முடித்து, தண்ணீர் குடித்து, வாசலில் செருப்பைத் தேடும் நேரம் பார்த்துக் கேட்பார்: "சரி, மிச்சத்தச் சொல்லு."

"மிச்சம் ஒண்ணும் இல்லக்கா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு சொல்லுதியே, அதுலயே தெரியுதே."

எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்றாலும் மிச்சம் கேட்பார். மெட்ரோவில் கூட்டம், அதனால் தாமதம் என்றாலும் கேட்பார். டெல்லியில், முனிர்காவில், காய்கறித் தள்ளுவண்டிக்காரன் பைக்கு மேலே ஒரு பிடி கொத்தமல்லியை இலவசமாகப் போட்டால் நமக்கெல்லாம் சந்தோஷம். அக்கா பையை அப்படியே வண்டியில் வைத்துவிடுவார். "பையா, ஆஜ் க்யா கராப் ஹை?" இன்றைக்கு எது அழுகல் என்று கேட்கிறார். அவன் எல்லாம் தாஜா, புத்தம் புதுசு என்று தலையிலடித்துச் சத்தியம் செய்வான். அக்கா கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, புழு போன ஓட்டையுள்ள ஒன்றைக் கண்டுபிடித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டுவார். அதற்குப் பிறகு அந்தக் கொத்தமல்லியையும் எடுத்துக்கொள்வார் என்பது வேறு விஷயம்.

நான் படிக்க டெல்லிக்குப் போனபோது, "பயப்படாத, எதிர்வீட்டு அக்கா அங்கதான் இருக்கா" என்று அப்பா சொல்லி அனுப்பினார். தென்காசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு மார்க்கெட், கல்யாண மண்டபமாகிப்போன ஒரு தியேட்டர், அவ்வளவுதான் ஊர். தெருவில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு அக்கா பிறந்த வீடு. என் அப்பாவை அவர் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார். மத்திய அரசு வேலைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே டெல்லிக்கு வந்துவிட்டவர். எனக்கு முனிர்கா கிராமத்துச் சந்துக்குள் வெயில் எட்டிப்பார்க்காத ஓர் அறை கிடைத்தது. அவர் பெரிய சாலைக்கு அந்தப்புறம் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். வாரத்துக்கு இரண்டு முறையாவது அங்கே போய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

முதல் தடவை போனபோதே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே, "ஒங்க வீட்டு முன்னால ரோட்டத் தோண்டிப் போட்டுருக்காவ, தெரியுமா? ஒங்கப்பா ஸ்கூட்டர எங்க வீட்டு வாசல்லதான் நிப்பாட்டியிருக்காவ" என்றார். எனக்குத் தெரியாது. முந்தின நாள்தான் அம்மாவோடு பேசியிருந்தேன், அம்மா சொல்லவில்லை. அறைக்குத் திரும்பி போன் போட்டுக் கேட்டேன். "ஆமா, குழாய் உடைஞ்சு போச்சு. ஒனக்கு யாரு சொன்னா?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு வாராவாரம் இதுதான் கதை. கீழத்தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு கழிப்பறையைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டார்கள். மார்க்கெட்டில் ஒரு வெறிநாய் வாழைக்காய்க்காரரைக் கடிக்க வந்து, அவர் குலையைத் தூக்கிப்போட்டு ஓடியதில் குலை யாருக்கு என்று இன்னும் சண்டை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர் வெடித்து, இரண்டு தெருவுக்குக் கரண்டு இல்லை. இவ்வளவும் முனிர்காவில் மாடி வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு எப்படித் தெரிகிறது? தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பிறகு பார்த்தேன். காலையில் அவர் வீட்டுக்காரர் ஆபீஸுக்குக் கிளம்பிப்போனதும் அக்கா பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். போனை எடுப்பார். முதலில் கோயில் வாசலில் பூக் கட்டுகிற அம்மா. அடுத்து எங்கள் தெரு முக்கில் இருக்கும் டீக்கடைக்காரர். அதற்கடுத்து மினிபஸ் கண்டக்டர். இவர்கள் யாரும் சொந்தமில்லை, பந்தமில்லை. "என்ன, மல்லிப்பூ வந்துருக்கா? கனகாம்பரம் எப்படி? தண்ணி வந்துச்சா?" என்று சாவகாசமாக ஆரம்பித்து, கால் மணி நேரம் ஊரைச் சுற்றி வருவார். பிறந்த வீட்டுக்குக் கடைசியில்தான் போன். அங்கே அம்மாவும் தம்பி குடும்பமும் இருந்தார்கள். தம்பி மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொடுக்கும் கடை வைத்திருந்தான்.

அவருடைய வீட்டுக்காரர் இதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் என்னிடம் கருத்துச் சொன்னார். "அரசாங்கத்துக்கு இவளத் தெரியாது. தெரிஞ்சா எல்லைக்கு அனுப்பியிருவான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது. சேதி அங்கிருந்து இங்கே இவ்வளவு சுலபமாக வருகிறதென்றால் இங்கிருந்து அங்கேயும் போகும்தானே? அந்தச் சமயம் என் வகுப்பில் கண்ணாடி போட்ட ஒருவனோடு நான் நெருங்கிப் பழகிக்கொண்டிருந்தேன். அதை அக்கா எப்போது பார்த்தாரோ தெரியாது. ஒரு நாள் புளிக்குழம்பை ஊற்றிக்கொண்டே, "யாருட்டி அந்தக் கண்ணாடிக்காரன்?" என்றார். கூடப் படிக்கிறவன் என்றேன். "சரி, மிச்சத்தச் சொல்லு" என்றார். இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்டுத் தப்பித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை அப்பா போன் செய்யும்போதும், இதோ கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மாதங்கள் போயின. கண்ணாடிக்காரனும் போய்விட்டான். ஊருக்கு ஒரு சொல்கூடப் போகவில்லை.

அப்போதுதான் என் சந்தேகம் இன்னும் கூடியது. வம்பு பேசுகிறவர்கள் வாங்கினால் விற்பார்கள். இந்த அக்கா வாங்குகிறாரே தவிர விற்பதில்லை. அப்படியானால் இவ்வளவு சேதியும் எதற்கு?

குளிர்காலத்தில் டெல்லியில் பட்டாணி மலிந்து கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து இருவரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். நேராகவே கேட்டுவிட்டேன். "டீக்கடையில இன்னிக்கு என்ன வடைன்னு தெரிஞ்சு ஒங்களுக்கு என்னக்கா ஆகப்போகுது?"

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கட தெறந்துருக்கான்னு தெரிஞ்சா போதும்ட்டி."

எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் முக்கில் இருக்கும் டீக்கடை மூடிவிடும். எடுத்துக்கொண்டு போகும்வரை திறக்காது. அதற்குப் பெயர் மரியாதை. இது எனக்கும் தெரியும். ஆனால் இதை வைத்து ஒருத்தி தினமும் காலையில் தன் வீட்டு உயிர்களைச் சரிபார்த்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அவருடைய அப்பா இறந்தபோது நடந்ததை அன்றைக்குத்தான் சொன்னார்.

தூரத்தில் இருக்கும் மகளிடம் அப்பா செத்துப்போனார் என்று நம் ஊரில் யாரும் போனில் சொல்வதில்லை. "கொஞ்சம் சீரியஸ், கெளம்பி வா" என்பார்கள். வழியில் அழுதுகொண்டே தனியாக வரவேண்டாமே என்ற இரக்கம்தான். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வீட்டுக்கு அப்படி ஒரு போன் வந்தால் நாமே உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். நம் வீட்டுக்கு வந்தால் மட்டும், நிஜமாகவே கொஞ்சம் சீரியஸ்தான் போலிருக்கிறது என்று நம்பிவிடுவோம். அக்காவும் நம்பினார். தம்பிதான் போன் செய்தவன். ரயிலில் இரண்டு ராத்திரி. ஆஸ்பத்திரியில் குளிருமே என்று அப்பாவுக்கு சரோஜினி நகரில் ஒரு கம்பளிச் சால்வை வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். சிக்னல் கிடைத்த இடத்திலெல்லாம் போன் போட்டிருக்கிறார். "இருக்காரு, வா" என்று ஒவ்வொரு முறையும் தம்பி சொல்லியிருக்கிறான்.

"தென்காசில எறங்குனேன். ஆட்டோக்காரன் நம்ம ஊர்க்காரன். எல்லாந் தெரிஞ்சவன். ஏறி உக்காந்ததுலருந்து, இந்த வருசம் சாரல் நல்லா விழுதுக்கா, குத்தாலத்துல தண்ணி கொட்டுதுக்கா, கூட்டம் தாங்கலக்கான்னு சாரலப் பத்தியே பேசிட்டு வாரான். அப்பன் செத்தவகிட்ட எவனாச்சும் சாரலப் பத்திப் பேசுவானா? அப்பா இருக்காவன்னு நெனச்சேன். சந்தோசமா இருந்துச்சு. நானும் பேசிட்டே போனேன்ட்டி, டெல்லில இன்னும் மழை இல்ல, வெக்கை தாங்கலன்னு."

வீட்டு வாசலில் இறங்கியபோது உள்ளே தரையெல்லாம் கழுவி விட்டிருந்தார்களாம். ஈரம் காயவில்லை. முந்தின நாள் சாயங்காலமே எல்லாம் முடிந்திருந்தது.

"மொகத்தப் பாக்கல. ஊருக்கே தெரிஞ்சுருக்கு. எனக்கு மட்டும் சாரல்" என்றார். பிறகு உரித்த தொலிகளுக்குள் கையை விட்டு, ஏதாவது பட்டாணி தப்பிப் போயிருக்கிறதா என்று துழாவினார்.

அதிலிருந்துதான் இந்தப் பழக்கம். சாரல் பெய்கிறது, பூ விலை ஏறிவிட்டது என்று யாராவது சாதாரணமாகப் பேசினாலே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அதற்கடியில் ஏதோ கிடக்கிறது என்று தோண்ட ஆரம்பித்துவிடுவார். "நேராக் கேட்டா பொய் சொல்லுவாவ. சுத்திக் கேட்டா யாருக்கும் பொய் சொல்லத் தெரியாது" என்பது அவர் கண்டுபிடிப்பு. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மா முகத்தையாவது பார்த்துவிட வேண்டும். அந்தச் சேதி வரும் நாளில் தம்பி பொய் சொல்வான், தெருவே பொய் சொல்லும். அதற்கு முன்பே தனக்குத் தெரிந்துவிட வேண்டும்.

தெரியவும் தெரிந்தது. ஒரு தடவை பூக்கட்டும் அம்மா, "ஒங்கம்மா ரெண்டு மூணு நாளா கோயிலுக்கே வரலியே" என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். அக்கா வீட்டுக்குப் போன் செய்தார். அம்மாவுக்குச் சளி என்றான் தம்பி. அக்கா பேசாமல் வைத்துவிட்டு மினிபஸ் கண்டக்டரைக் கூப்பிட்டார். புத்தூர் கட்டுப்போடும் இடத்துக்குத் தம்பி அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனதை அவர் பார்த்திருந்தார். அம்மா குளியலறையில் விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அக்கா தம்பியைப் போனில் பிடித்த பிடியில் நான் சமையலறைக்குள் ஒளிந்துகொண்டேன். தம்பி சிரித்துச் சமாளித்திருக்கிறான். "எக்காவுக்குத் தெரியாம நம்ம ஊர்ல கோழிகூட முட்டை போடாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவானாம்.

அக்கா தம்பியோடு பேசுவதைக் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். அம்மா சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா, ராத்திரி இருமினாளா. அவன் சொல்வது எதையும் நம்பமாட்டார். அப்பா விஷயத்தில் பொய் சொன்னவன் என்பது அவர் மனசில் ஆணியடித்த மாதிரி இருந்தது. ஒரு முறை டீக்கடைக்காரர், "ஒங்க தம்பி இப்பல்லாம் பைக்க விட்டுட்டு நடந்துதான் கடைக்குப் போறாரு" என்று சொல்லியிருக்கிறார். அக்காவின் கண் சுருங்கியது. உடனே தம்பிக்குப் போன். "ஏல, வண்டிய வித்துட்டியா? என்ன கடன்? என்னத்த மறைக்க?" அவன் இல்லை என்று சொல்லச் சொல்ல இவர் விடவில்லை. கடைசியில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினான். அக்கா அதைப் பெரிதாக்கி நம்பர் பிளேட்டைச் சரிபார்த்துவிட்டு, "வண்டி இருக்கு" என்று போனை வைத்தார்.

இப்போது அக்கா டெல்லியில் இல்லை. ஊர்ச் சேதிக்குப் போன் தேவைப்படாதபடி ஊருக்கே போய்விட்டார். அவர் முனிர்காவில் கடைசியாக இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அது சாரல் காலம். டெல்லியில் விடிந்ததுமே வேர்த்து ஊற்றும். பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் அண்ணன் ஊரிலிருந்து கூப்பிட்டான்.

"அப்பாவுக்கு நெஞ்சுவலி. திருநெல்வேலில ஆஸ்பத்திரில சேத்துருக்கு. கொஞ்சம் சீரியஸ். நீ கெளம்பி வா. தனியா வராத, எதிர்வீட்டு அக்காவையும் கூட்டிட்டு வா. பிளைட்டுக்கு நான் டிக்கெட் போடுதேன்."

பாடம் ஒப்பிக்கிற குரல். நான் ஏதோ கேட்பதற்குள் வைத்துவிட்டான். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நிஜமாகவே கொஞ்சம் சீரியஸ்தான் போலிருக்கிறது என்று மனசு சொன்னது. எப்படிச் சாலையைக் கடந்து அக்கா வீட்டுக்கு ஓடினேன் என்று நினைவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"அக்கா, ஒங்களுக்கு மட்டும்தான் கண்டுபிடிக்கத் தெரியும். எங்கப்பா இருக்காரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அக்கா என்னை உள்ளே இழுத்துப்போய் உட்காரவைத்தார். அவர் முகத்தில் எனக்கான வருத்தமும் இருந்தது, வழக்கமான சந்தேகமும் இருந்தது. "என்னைய ஏன் கூட்டியாரச் சொல்லுதான்?" என்று ஒரு முறை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். உடனே தன் அம்மாவுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

அம்மாவே எடுத்தாள். தெளிவான குரல். "ஆமா, எதிர்வீட்டுச் சித்தப்பாவுக்கு முடியலன்னு விடியுமுன்ன கார்ல கூட்டிட்டுப் போயிருக்காவ. தம்பியும் கூடத்தான் போயிருக்கான். நான் தூங்கிட்டேன், இப்பம்தான் மருமக சொன்னா. பாவம், நல்ல மனுசன். அந்தப் பிள்ளையத் தனியா அனுப்பாத, நீயும் கூட வா."

அக்கா பெருமூச்சு விட்டார். அம்மாவின் குரலைக் கேட்டாகிவிட்டது. தன் வீட்டில் ஒன்றும் இல்லை. "எங்கம்மாவுக்குப் பொய் சொல்ல வராதுட்டி. ஆஸ்பத்திரிலதான் இருக்காவ. எந்தி, மூஞ்சியக் கழுவு" என்றார். பத்து நிமிடத்தில் பையோடு தயாராக நின்றார்.

விமான நிலையத்தில் சோதனையெல்லாம் முடிந்து உட்கார்ந்த பிறகு, அக்கா எழுந்து கண்ணாடிச் சுவர் ஓரமாகப் போய் யாரிடமோ பேசினார். எனக்கு முதுகைக் காட்டி நின்றார். பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீக்கட தெறந்துதான் இருக்கு. வடை போட்டுட்டு இருக்காராம். உளுந்த வடை."

எனக்குப் போன உயிர் வந்தது. கடை திறந்திருக்கிறது என்று இந்த அக்கா சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. வேறு யாராவது இப்படித் தேவையில்லாமல் ஓர் உளுந்த வடையைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவர் முதலில் அந்த வடையைப் பிடித்துத்தான் உலுக்கியிருப்பார். எனக்கு அந்தப் புத்தி அன்றைக்கு இல்லை.

டீக்கடைக்காரர் அன்று தன்னிடம் சொன்னதை அக்கா எனக்குப் பிறகு சொன்னார். "கடை அடைச்சிருக்கு தாயி. இப்பம் எதும் கேக்காத, வந்து சேரு." இவ்வளவுதான். எங்கள் தெருவில் சாவு விழுந்துவிட்டது என்று அக்காவுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. தன் அம்மாவின் குரலைக் காலையில்தான் கேட்டிருந்தார்.

அதன்பிறகு வழி முழுக்க அக்கா என்னோடு பேசிக்கொண்டே வந்தார். மார்க்கெட்டில் வெறிநாய் கதையை மறுபடி சொன்னார். கழிப்பறைச் சாவி கிடைத்துவிட்டதாம், மேஸ்திரியின் சட்டைப்பையிலேயே இருந்ததாம். சென்னையில் விமானம் மாறும்போது தயிர்சாதத்தைத் திணித்துச் சாப்பிடவைத்தார். நான் சிரிக்கக்கூடச் செய்தேன். தன்னிடம் ஒரு ஆட்டோக்காரன் செய்ததை எனக்கு அவர் செய்துகொண்டிருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மதுரையில் இறங்கிக் காரில் ஏறியதும் அண்ணன் கூப்பிட்டான். "ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், நேரா வீட்டுக்கு வாங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். "கொணமாயிட்டா வீட்டுக்கு அனுப்பிருவாவல்லா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார். தன் அம்மாவுக்கு ஒரு முறை போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. "கோயிலுக்குப் போயிருப்பா" என்றார். என் அம்மாவோடு எங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பாள் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். தம்பிக்குப் போடவில்லை. அவனுக்குப் போட்டு என்ன, அவன் என்றைக்கு உண்மையைச் சொன்னான்?

ராஜபாளையம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு விடவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு எங்கள் தெரு முக்குக்கு வந்தோம். குழாய்க்குத் தோண்டிய குழி இன்னும் மூடப்படவில்லை, கார் உள்ளே போகாது. கதவைத் திறந்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது டீக்கடைதான். அடைத்திருந்தது. அடுப்பு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்து, "அழாத" என்றார். அவ்வளவு தூரமும் பொய் சொல்லியே கூட்டி வந்திருக்கிறார் என்று புரிந்தது. அந்தக் கையை உதறிவிட வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

அப்போது அக்காதான் முதலில் பார்த்தார். அடைத்த கடையின் ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, தோளில் துண்டோடு என் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"ஏட்டி! சித்தப்பாட்டி! ஒங்கப்பா நிக்காவ பாரு! முழுசா நிக்காவ பாருட்டி!"

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். என்னை முதுகில் தட்டி முன்னால் தள்ளினார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. எதையும் தோண்டாத, எதையும் கேட்காத முகம். என் அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதில் என்னைவிட அவருக்குச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. அவர் என்னை எவ்வளவு நேசித்தார் என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

அப்பா எங்களை நோக்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, குனிந்தபடியே கேட்டார்.

"வா தாயி. வழியெல்லாம் சாரலா?"

என் முதுகில் இருந்த அக்காவின் கை நின்றது. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் கண்கள் அப்பாவின் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தன. பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் இல்லை. எதிர்வீட்டு வாசலில்.

"சரி சித்தப்பா" என்றார் அக்கா. "மிச்சத்தச் சொல்லுங்க. அம்மாவா?"

"அம்மா இருக்கா தாயி. உள்ளதான் இருக்கா." அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "காப்பாத்திரலாம்னுதான் கொண்டு போனேன். வழியிலயே முடிஞ்சு போச்சு. சொன்னா நீ தனியா எப்படி வருவன்னு... இன்னும் எடுக்கல. ஒனக்காகத்தான் வச்சிருக்கு. மொகத்தப் பாக்கலாம், வா."

நெஞ்சுவலி வந்தது தம்பிக்கு. விடியுமுன் காரில் போட்டுக் கூட்டிப்போனவர் என் அப்பா. அவர்கள் ஆளை மட்டும் மாற்றிச் சொல்லியிருந்தார்கள், எங்களிடமும், காலையில் அக்காவின் அம்மாவிடமும்.

அக்கா அழவில்லை. குழியைச் சுற்றிக்கொண்டு பந்தலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நானும் அப்பாவும் இரண்டு பக்கமும் நடந்தோம். பாதித் தெருவில், யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"வண்டிய விட்டுட்டு நடந்து போறான்னு சொன்னாவளே சித்தப்பா. வித்துட்டியாலன்னுதான் கேட்டேன். ஒடம்புக்கு என்னலன்னு கேக்கலியே."